மலையகத்துச் சந்தைக்கு முதன்முதலாகப் போகிறவருக்கு

மாற்றலாகி மலையகத்துக்கு வருகிறவர்கள் முதல் மாதத்தில் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கிவிடுகிறார்கள். குளிர், மூடுபனி, லீவு நாள். போர்வையை விட்டு எழும்ப மனம் வராது. பத்து மணிக்கு எழும்பி, பதினொன்றரைக்கு டவுனுக்கு இறங்கினால் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது. சனத்துக்குள் இடிபட்டு, கண்ணில் பட்ட முதல் கடையில் சொன்ன விலைக்கு நாலு சாமானை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். "சந்தை என்ன பெரிய மலிவு, எங்கள் ஊர்க் கடை மாதிரித்தான்" என்பார்கள். அடுத்த கிழமையிலிருந்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், பக்கத்து மலையில் விளைந்த கரட்டைக் கொழும்பு விலைக்கு வாங்குவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டீச்சர்கள், மட்டக்களப்பிலிருந்து வந்த நர்ஸ்மார், பேங்க் வேலைக்கு வந்தவர்கள், கலியாணம் கட்டி வந்தவர்கள் என்று பலருக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது பேரம் பேசுவது எப்படி என்று. பேரம் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மணி பார்க்கத் தெரிந்தால் போதும். இந்தச் சந்தைகளில் விலையை ஏற்றுவதும் இறக்குவதும் மணிக்கூடுதான்.

முதலில் நாள்

சிங்களத்தில் பொல என்பார்கள், நாம் சந்தை என்போம். இரண்டும் ஒன்றுதான். கிழமைக்கு ஒரு நாள், சில ஊர்களில் இரண்டு நாள் கூடும். பண்டாரவளையில் ஞாயிறு. தோட்டங்களை நம்பியிருக்கும் டவுன்களில் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நாள். காரணம் எளிது: தோட்டத்தில் கொழுந்து எடுக்காத நாள் அதுதான். மற்ற ஊர்களில் வேறு வேறு கிழமை. வியாபாரிகளில் பலர் அதே சாமானை லொறியில் ஏற்றிக்கொண்டு இன்று ஓர் ஊர், நாளை இன்னோர் ஊர் என்று சுற்றுகிறவர்கள். எல்லா ஊரும் ஒரே நாளில் கூடினால் அவர்களுக்குக் கட்டாது. உங்கள் ஊரில் எந்த நாள் என்று பஸ் கண்டக்டரைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும். சந்தை நாளில் அவருடைய பஸ்தான் மூட்டை சுமக்கிறது.

இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரயில் ஸ்டேஷனையோ பஸ் ஸ்டாண்டையோ பிடித்தால், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும். இந்த டவுன்கள் வளர்ந்த விதம் அப்படி. கம்பளை 14ஆம் நூற்றாண்டில் அரசிருக்கையாக இருந்த ஊர். பதுளையும் மாத்தளையும் பழைய ஊர்கள். ஆனால் ஹட்டன், பண்டாரவளை போன்றவற்றை டவுன் ஆக்கியது ரயில்தான். கோப்பிக்காகக் கண்டி வரை 1867இல் வந்த பாதை 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்டது. அப்புறம் தேயிலைக்காக மேலே ஏறி 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை என்று போய், 1924இல்தான் பதுளையில் நின்றது. தேயிலைப் பெட்டி இறங்கி வந்த வழியில்தான் அரிசியும் கருவாடும் துணியும் ஏறி வந்தன. அரிசியைத் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்திலும் வெற்றிலைக்கும் உப்புக்கும் ஒரு முழத் துணிக்கும் டவுனுக்கு இறங்கத்தான் வேண்டியிருந்தது. அந்த இறக்கம்தான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிறது.

நாளோடு திகதியையும் பாருங்கள். இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெரும்பாலான தோட்டங்களில் மாதச் சம்பளம் 10ஆம் திகதி, 25ஆம் திகதி வாக்கில் அட்வான்ஸ். பத்தாம் திகதிக்குப் பிறகு வருகிற ஞாயிறு சந்தை திருவிழா மாதிரி இருக்கும். சாமான் அதிகம் வரும், தினுசு அதிகம், விலை மட்டும் இறங்காது. கையில் காசோடு சனம் நிற்கும்போது யார் குறைப்பார்கள்? பிக்பொக்கெட்காரர்களும் அன்றைக்குத்தான் வருவார்கள். உங்களுக்கு அரச சம்பளம் என்றால் பத்தாம் திகதிக்கு முந்திய ஞாயிற்றில் பெரிய வாங்கலை வைத்துக்கொள்ளுங்கள். சந்தை தூங்கி வழியும், வியாபாரி உங்களைக் கண்டதும் எழும்பி நிற்பார்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றில் மரக்கறி வாங்கப் போகாதீர்கள். அன்றைக்குப் பாதி இடத்தைத் துணிக்கடை பிடித்துக்கொள்ளும், மீதி இடத்தைச் சனம். தைப்பொங்கலுக்கு முந்திய சந்தைக்கு வேண்டுமானால் போய்ப் பாருங்கள், கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும் வந்து இறங்கியிருக்கும். போயா என்கிற பௌர்ணமி லீவு நாளில் சந்தை கூடினாலும் இறைச்சிக் கடை திறக்காது. கோழிக் கறி நினைப்போடு போய் ஏமாற வேண்டாம்.

கையில் என்ன கொண்டுபோவது

பை இரண்டு. ஒன்று கனமானதுக்கு, ஒன்று நசுங்குவதற்கு. கனமானதுக்கு உர பேக்கில் தைத்த பைக்கு ஈடே கிடையாது. டவுனில் தையல்காரர்கள் தைத்து விற்பார்கள். பார்க்க அழகில்லை, பத்து கிலோ உருளைக்கிழங்கைப் போட்டாலும் காது அறாது, மழையில் ஊறாது. கருவாட்டுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. இதற்கான காரணம் கடைசியில் வரும்.

காசு சில்லறையாக இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு 5000 ரூபாத் தாளை நீட்டினால் வியாபாரி உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. முதல் நாளே டவுனில் ஏதாவது கடையில் மாற்றி, 100 ரூபா, 50 ரூபாத் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய செலவுக்கு உரியது சட்டைப் பையில், மீதி உள்ளே எங்காவது. என் அம்மா முந்தானையில் இரண்டு முடிச்சுப் போட்டிருப்பார். ஒன்று சந்தைக்கு, ஒன்று பஸ்ஸுக்கு. சந்தை முடிச்சு அவிழ்ந்து காலியானால் வாங்கல் முடிந்தது. பஸ் முடிச்சை நாங்கள் அழுதாலும் அவிழ்க்க மாட்டார்.

குடை கட்டாயம். எந்த மாதம் எங்கே மழை என்பதைப் புரிந்துகொண்டால் நல்லது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை விடாமல் பிடிக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், பண்டாரவளையிலும் வெலிமடையிலும், காய்ந்த காற்று வீசும். அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை பதுளைப் பக்கத்தின் முறை. மழை எங்கே என்பது உங்கள் குடைக்கு மட்டுமான சங்கதி இல்லை. மூன்று நாள் அடைமழை பெய்தால் நான்காம் நாள் போஞ்சி விலை ஏறும், தக்காளி வெடிக்கும், கோவா உள்ளே அழுகும். காலுக்குச் செருப்பு வேண்டாம், சேற்றில் அறுந்துபோகும். பழைய சப்பாத்து போதும்.

எத்தனை மணிக்குப் போவது

சந்தை நாளை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை சாமான் புதிது, சனம் குறைவு. லொறியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கும். பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ கட்டணம் அறவிடுகிறவர் துண்டுப் புத்தகத்தோடு கடை கடையாக வருவார். பல ஊர்களில் இந்த அறவீட்டை ஆண்டுதோறும் டெண்டரில் கொடுத்துவிடுகிறார்கள். டெண்டர் எடுத்தவர் போட்ட காசை எடுக்கப் பார்ப்பார், அந்தத் துண்டுக் காசும் கடைசியில் உங்கள் கத்தரிக்காயில்தான் ஏறும். இந்த நேரத்தில் விலை குறையாது. ஆனால் நல்லதைப் பொறுக்கி எடுக்க விடுவார்கள். கீரை, மீன், நசுங்கும் பழம் எல்லாம் இப்போதே வாங்க வேண்டியவை.

பத்திலிருந்து இரண்டு மணி வரை தோட்டத்துச் சனம். துணி துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வருவார்கள். குடும்பமாக வருவார்கள், பிள்ளைக்கு ஐஸ்கிரீம், கிழவிக்கு வெற்றிலை, மகளுக்கு வளையல் என்று கூட்டம் நகராது. விலை உச்சத்தில் இருக்கும், பொறுக்கவும் விடமாட்டார்கள். புதியவருக்கு இது வாங்கும் நேரம் இல்லை, வேடிக்கை பார்க்கும் நேரம்.

மூன்று மணிக்கு மேல்தான் விளையாட்டு. மலையில் பின்னேரம் மூடுபனி இறங்கத் தொடங்கும். தோட்டங்களுக்குப் போகிற கடைசி பஸ்கள் நாலரை, ஐந்து என்று கிளம்பும். வியாபாரிக்கு அடுத்த ஊர் இருக்கிறது. மிஞ்சிய தக்காளியை மறுபடி ஏற்றினால் பாதி சாறாகிவிடும். அப்போது தராசை ஓரமாக வைத்துவிட்டுக் கூறு கட்டத் தொடங்குவார்கள். சாக்கின் மேல் சின்னச் சின்னக் குவியல்: இந்தக் கூறு நூறு, அந்தக் கூறு நூறு. முதல் கூறு கட்டுகிற கையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். ஒருவர் தொடங்கிவிட்டால் பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுக்கக் கூறாகிவிடும். நாலு மணிக்கு அதே கூறில் இன்னும் இரண்டு கை அள்ளிப் போடுவார்கள், விலை அதே நூறுதான்.

கூறில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே இருப்பது அழகாக இருக்கும், அடியில் இருப்பது அப்படி இருக்காது. அதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன், அது கூறின் இலக்கணம். அன்றிரவே சமைப்பதற்கு மட்டும் கூறு வாங்குங்கள். நானும் ஒருமுறை மலிவைக் கண்டு நாலு கூறு தக்காளி வாங்கி, செவ்வாய்க்கிழமை வரை தக்காளித் தொக்கும் தக்காளி ரசமுமாகத் தின்று தீர்த்தேன்.

ஆகவே முதல் மாதம் இப்படிச் செய்யுங்கள்: ஏழரைக்குப் போய்க் கீரையும் மீனும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மூன்றரைக்கு மறுபடி ஒரு நடை. தூரத்தில் இருப்பவர்கள் காலை நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். நாலு கூறு மலிவுக்காகக் கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோக்காரர் அந்த லாபத்தை இரண்டு மடங்காக வாங்கிவிடுவார்.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

உள்ளே நுழைந்ததும் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். வாசலில் இருக்கிற கடைகளில் விலை கூடத்தான் இருக்கும். நல்ல சாமான் பெரும்பாலும் கடைசியில், சுவரோரம், தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும். அங்கேதான் சுற்றுவட்டாரச் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த விவசாயிகளும், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கொஞ்ச இடத்தில் போட்ட மரக்கறியைக் கொண்டுவந்த தோட்டத்து ஆட்களும் இருப்பார்கள். அவர்களிடம் பத்து தினுசு இருக்காது. ஒருவரிடம் நாலு கட்டு வல்லாரையும் ஒரு பலாக்காயும், இன்னொருவரிடம் மரத்தக்காளி ஒரு கூடை, எலுமிச்சம்பழம் கொஞ்சம். கலர் கலராக மலைபோல் குவித்து வைத்திருப்பவர் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவர். இரண்டு பேரிடமும் வாங்கலாம், ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஏனென்றால் மலைநாட்டில் விளைந்ததெல்லாம் நேராகச் சந்தைக்கு வருவதில்லை. வெலிமடைப் பக்கத்து விளைச்சலில் பெரும்பகுதி கெப்பட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தைக்குப் போகும். அங்கிருந்து தம்புள்ளைக்கும், கொழும்புப் புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்ட மெனிங் மார்க்கெட்டுக்கும் லொறி ஓடும். திரும்பி வருகிற லொறியில் கீழ்நாட்டு மரக்கறி ஏறும்: வெண்டிக்காய், புடலங்காய், பாகற்காய், முருங்கைக்காய். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். வீட்டு வேலியில் சும்மா தொங்கிய முருங்கைக்காயை இங்கே வாடிய நிலையில் எண்ணி விற்பார்கள். விட்டுவிடுங்கள். இது கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட், நோக்கோல், போஞ்சியின் நாடு. ஒரு வருடமாவது நாக்கை அதற்குப் பழக்குங்கள்.

கையால் பார்த்து வாங்குவது

உருளைக்கிழங்கில்தான் அதிகம் ஏமாறுவார்கள். நுவரெலியா, வெலிமடைக் கிழங்குக்கு எப்போதும் இறக்குமதிக் கிழங்கைவிட விலை அதிகம். அதனால் இறக்குமதிக் கிழங்கின் மேல் சிவப்பு மண்ணைப் பிரட்டி ஊர்க் கிழங்கு என்று விற்கிற வேலை நடக்கிறது. ஒரு கிழங்கை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேயுங்கள். புதிதாகத் தோண்டிய ஊர்க் கிழங்கின் தோல் மெல்லிசு, விரலோடு சுருண்டு வரும். பிரட்டிய மண் பொடியாக உதிர்ந்து, கீழே வழவழவென்று தடித்த தோல் தெரியும். கண் குழிகளைப் பாருங்கள்: வயலிலிருந்து வந்த மண் குழிக்குள் இறுகியிருக்கும், பிரட்டிய மண் மேலாகத்தான் இருக்கும். பச்சை படர்ந்த கிழங்கு எந்த நாட்டுக் கிழங்கானாலும் வேண்டாம்.

கரட்டில் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு குவியல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கழுவிப் பளபளவென்று, படத்தில் வருகிற மாதிரி. மற்றது மண்ணோடு, வாலோடு. பளபளப்பையே இரண்டு கிலோ வாங்கினேன். புதன்கிழமை பையைத் திறந்தால் கரட் வழுக்கியது; வியாழக்கிழமை மணத்தது. மெஷினில் போட்டு உருட்டிக் கழுவும்போது தோல் உரசிப்போகிறது, ஈரமும் தங்கிவிடுகிறது. ஓட்டலுக்கு அது சரி, அன்றே முடிந்துவிடும். வீட்டில் ஒரு கிழமை வைத்துச் சமைக்கிறவருக்கு மண் கரட்தான் சரி. மண்ணுக்கும் சேர்த்து நிறுக்கிறார்களே என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

லீக்ஸின் வெள்ளைப் பகுதி நீளமாக இருக்க வேண்டும். நடுவில் பிரித்துப் பார்த்தால் மண் இருக்கத்தான் செய்யும், புழு இருக்கக் கூடாது. போஞ்சியை உடைத்தால் சத்தம் வர வேண்டும், வளைந்தால் பழசு. கோவாவைக் கையில் தூக்கிப் பாருங்கள், பார்வைக்குச் சின்னதாகக் கைக்குக் கனமாக இருப்பது நல்லது. மேல் இலையை வியாபாரியே உரித்துப் போட்டிருந்தால் அது எத்தனை நாள் கோவா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கித்துள் கருப்பட்டி வாங்க ஆசைப்படுவீர்கள். சீனி கலந்ததுதான் அதிகம். உடைத்த இடம் சீனிக் கட்டி மாதிரி மினுங்கினால் வைத்துவிடுங்கள். ஒரு சிறு துண்டு வாயில் போட்டுப் பார்க்கக் கேட்டால் நல்ல வியாபாரி கொடுப்பார்; கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்குவதற்கில்லை.

கருவாட்டு வரிசை

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மலையில் கடல் இல்லை, அதனால்தான் இங்கே கருவாட்டுக்கு இத்தனை மரியாதை. நெத்தலி, கட்டா, சாளை, மாசி என்று சாக்குகள் வரிசையாகத் திறந்திருக்கும். கையை விட்டு அள்ளிப் பாருங்கள். நெத்தலி கையில் ஒட்டாமல் சலசலவென்று விழ வேண்டும். ஒட்டினால் ஈரம் வாங்கியிருக்கிறது, நிறையும் கூடும், மூன்றாம் நாள் பூசணமும் பிடிக்கும். மழை மாதத்தில் எவ்வளவு நல்ல வியாபாரியின் கருவாடும் கொஞ்சம் ஈரம் வாங்கும்; அப்போது 100 கிராம், 250 கிராம் என்று கொஞ்சமாக வாங்கி, வீட்டுக்குப் போனதும் அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பிவையுங்கள். மாசித் துண்டு இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் கட்டை மாதிரிச் சத்தம் கேட்க வேண்டும்.

தலையும் உடைசலுமாக ஓரத்தில் ஒரு சாக்கு இருக்கும், பாதி விலை. சம்பலுக்கு அதுவே போதும். லயத்துச் சமையலில் பாதி ருசி அந்தச் சாக்கில்தான் இருக்கிறது.

விலை கேட்பதும் நிறுப்பதும்

"அண்ணே, போஞ்சி என்ன விலை?" என்று தமிழிலேயே தொடங்குங்கள். மலையகச் சந்தையில் சிங்கள வியாபாரிகளில் பலருக்கு வியாபாரத்துக்குப் போதுமான தமிழ் தெரியும், எண்கள் நன்றாகவே தெரியும். அவர்கள் தமிழ் பேசினால் நீங்களும் இரண்டு சிங்களச் சொல் பேசுவதுதான் முறை. கீயத என்றால் எவ்வளவு. தெசிய பணஹக் தென்ன என்றால் 250 கிராம் கொடுங்கள். அடு கரன்ன என்றால் குறையுங்கள். எப்பா என்றால் வேண்டாம். இதை முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற வயதான அம்மாவை அம்மே என்றால் இரண்டு பச்சை மிளகாய் சும்மா வரும். கடை வைத்திருக்கிறவர் முதலாளி, வயது கூடியவர் அண்ணன் அல்லது ஐயா, பொடியன் என்றால் தம்பி அல்லது மல்லி. டவுனில் ஆபீசர் மாதிரி உடுத்திக்கொண்டு "ஏய், இது எவ்வளவு" என்றால் உங்களுக்கு என்று தனி விலை ஒன்று பிறக்கும்.

விலையைக் கிலோவுக்குச் சொல்கிறாரா, 250 கிராமுக்குச் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அட்டையில் பெரிதாக 120 என்று எழுதி, கீழே எறும்பளவில் 250 கிராம் என்று இருக்கும். கீரை கட்டுக் கணக்கு, தேங்காய் எண்ணிக்கை, வாழைப்பழம் நிறுவை.

தராசில் சாமானைப் போடுவதற்கு முன்னால் பாருங்கள். முள் சைபரில் நிற்கிறதா? தட்டில் ஏற்கெனவே ஈரச் சாக்குத் துண்டு ஏதும் கிடக்கிறதா? வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரைக்குக் கொண்டுபோக வேண்டும். முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதில் வெட்கமில்லை. நிறையில் பெரிய சந்தேகம் என்றால் பக்கத்துக் கடையில் மறுபடி நிறுத்துப் பாருங்கள், ஐந்தோ பத்தோ ரூபாவுக்கு அங்கே ஏதாவது வாங்கிக்கொண்டு. குறைந்தால் திரும்பிப் போய் சத்தம் போடாமல் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார். கெட்ட சாமான், பொய் நிறை என்று விஷயம் முற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நான் இதுவரை கூப்பிட்டதில்லை. அந்த இலக்கத்தை வாய்விட்டுச் சொன்னதுமே ஒருமுறை நிறை சரியானது.

பேரம் என்றால் இவ்வளவுதான்: பெரிய கடையில் இரண்டு மூன்று சாமான் சேர்த்து வாங்கி, மொத்தத்தில் இருபது முப்பது குறைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் நின்று வாதாடினால் அவருக்கும் அலுப்பு, பின்னால் நிற்பவருக்கும் அலுப்பு. தரையில் நாலு கட்டுக் கீரையோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் பேரமே வேண்டாம். குறைப்பதற்குப் பதிலாகக் கறிவேப்பிலையோ ரம்பையோ கொசுறாகக் கேளுங்கள், கேட்காமலே வரும்.

ஒரே ஆளிடம் மூன்று கிழமை வாங்கிவிட்டால் நாலாம் கிழமை அவரே உங்களுக்கு நல்லதைக் கீழேயிருந்து எடுத்துத் தருவார். ஐந்தாம் கிழமை போகாவிட்டால் ஆறாம் கிழமை, "போன கிழமை காணல, ஊருக்கா?" என்று கேட்பார். அதற்குப் பிறகு தராசைப் பார்க்கத் தேவையில்லை. நான் இன்னும் பார்க்கிறேன், அது என் குணம்.

திரும்பும் வழி

வாங்கி முடிந்ததும் சந்தையோரத்தில் ஒரு பிளேன்டீயும் பருப்பு வடையும். அங்கே உட்கார்ந்து பையை ஒருமுறை பிரித்து அடுக்குங்கள்: கிழங்கு அடியில், அதற்கு மேல் கோவா, பீட்ரூட், கடைசியில் தக்காளி. கீரையும் நசுங்கும் பழமும் இரண்டாவது பையில்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே ஏறுங்கள். சந்தை நாளில் சீட் மனிதருக்கு, நடைபாதை மூட்டைக்கு. கனமான பையை டிரைவருக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் இறங்கும் இடத்தில் அவரே எடுத்துக் கொடுப்பார்.

கருவாட்டு டப்பாவுக்கு இப்போது வருவோம். ஒரு மழை நாள், ஜன்னலெல்லாம் அடைத்த பஸ், பத்திரிகைத் தாளில் சுற்றிய அரைக் கிலோ கட்டா என் மடியில். மூன்றாம் மைல்கட்டை தாண்டுவதற்குள் தாள் ஊறிவிட்டது. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு டீச்சர், பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போய்விட்டு வருகிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகச் சேலையைச் சுருட்டி மறுபக்கம் வைத்துக்கொண்டு, ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்தார். அந்த இரண்டு அங்குலத்தில் வந்த மழைச் சாரலில் நான் நனைந்தேன், சரியான தண்டனைதான். அன்றிலிருந்து மூடியுள்ள டப்பா.

வீட்டுக்குப் போனதும்

மலையின் குளிரில் ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஒரு கிழமை தாக்குப்பிடிக்கலாம், ஆனால் ஈரக்காற்றுதான் எதிரி. பிளாஸ்டிக் பையிலிருந்து எல்லாவற்றையும் உடனே வெளியே எடுங்கள். மண் கரட்டையும் கிழங்கையும் கழுவாமல் இருட்டான மூலையில் சாக்கின் மேல் பரப்புங்கள். கிழங்கையும் வெங்காயத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். லீக்ஸைப் பத்திரிகைத் தாளில் சுற்றி நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்தால் மஞ்சளாகும்.

சமையலை வாங்கின வரிசையில் செய்ய வேண்டியதில்லை, கெடுகிற வரிசையில் செய்யுங்கள். ஞாயிறு இரவு கீரையும் மீனும். திங்கள், செவ்வாய் தக்காளி, கத்தரிக்காய். புதன் வரை போஞ்சி பொறுக்கும், லீக்ஸ் வியாழன். அப்புறம் கரட், பீட்ரூட், கோவா. பூசணிக்காயை வெட்டாதவரை அவசரமில்லை. சனிக்கிழமை இரவு மூலையில் கிடக்கிற ஒற்றை நோக்கோல், அரைக் கரட், சுருங்கின நாலு போஞ்சி எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டு, பருப்பும் ஒரு பிடி உடைசல் நெத்தலியும் சேர்த்து இறக்குங்கள். பையை உதறிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அலாரத்தை ஆறு மணிக்கு வையுங்கள்.